செய்திக் குறிப்பும் இசைப் பண்டமும்: சுயாதீன இசைக்கலைஞரின் விளம்பர எழுத்து பற்றிய ஒரு நோக்கு

இசை பற்றிய எமது ஆய்வுகள் பெரும்பாலும் இராகம், தாளம், சாகித்தியம், கலைஞர் பரம்பரை என்பவற்றோடு அமைந்து விடுகின்றன. சமூகவியல் நோக்குடையோர் ஒருபடி மேற்சென்று புரவலர், சபா, வானொலி, இசைத்தட்டுக் கம்பனி ஆகியன பற்றியும் பேசுவர். ஆயின், இசைக்கும் அதனைக் கேட்போருக்கும் இடையில் நின்று, கேட்கப்படு முன்னரே அவ்விசைக்கு ஒரு பொருளைக் கற்பித்துவிடும் ஓர் எழுத்து வகை ஆய்வாளரின் கண்ணில் படுவது அரிது. பத்திரிகை அலுவலகங்களுக்கும் வானொலி நிலையங்களுக்கும் இசைத்தட்டுடன் சேர்த்து அனுப்பப்படும் செய்திக் குறிப்பு, கலைஞரின் வாழ்க்கைக் குறிப்பு, நிழற்படம், முன்னைய விமர்சனங்களின் நறுக்குகள் ஆகியன அடங்கிய கோவையையே இங்கு கருதுகிறோம். மேலைநாட்டு இசைத்துறையில் 'பிறெஸ் கிற்' என வழங்கும் இக்கோவையினைப் பெரிய கம்பனிகளில் அதற்கென அமர்த்தப்பட்ட அலுவலர் தயாரிப்பர். கம்பனி எதனையும் சாராத சுயாதீன இசைக்கலைஞர் இதனைத் தாமே எழுத வேண்டியவராகின்றார். தம் உழைப்பின் விளைவைத் தாமே பண்டமாக்கி, அதற்கான விலைச்சீட்டையும் தாமே எழுதும் இந்நிலையில் உள்ளடங்கியுள்ள முரண்பாடு நுணுகி நோக்கப்பட வேண்டியது.

முதலில் இவ்வெழுத்து எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதை விளங்கிக்கொள்ளல் அவசியமாகும். செய்திக் குறிப்பு ஒரு பக்கத்திற்கு மேற்படாதது. யார், எதனை, எப்போது, எங்கு வெளியிடுகின்றார் என்பன முதற் பந்தியிலேயே அமைந்துவிடும். முக்கியத்துவம் குறைந்தவை படிப்படியாகக் கீழே வரும். பத்திரிகாசிரியர் இடப் பற்றாக்குறை காரணமாகக் கீழிருந்து வெட்டிக்கொண்டு வரினும் செய்தி சிதையாது நிற்கவேண்டும் என்பதே இவ்வமைப்பின் தருக்கம். வாழ்க்கைக் குறிப்பு ஐம்பது சொற்களில் ஒன்று, நூற்றைம்பது சொற்களில் ஒன்று, முழுப்பக்கத்தில் ஒன்று என மூன்று அளவுகளில் ஆயத்தமாக இருத்தல் நல்லது. ஏனெனில், நிகழ்ச்சி நிரல் அச்சிடுவோரின் தேவை வேறு, நேர்முகம் காண வருவோரின் தேவை வேறு. நிழற்படம் அச்சுக்கு உகந்த தெளிவுடன், எடுத்தவர் பெயருடன் இருக்கவேண்டும். மாத சஞ்சிகைகள் இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்னரே பக்கங்களை முடிவு செய்துவிடுவதால், வெளியீட்டு நாளன்று அனுப்பப்படும் குறிப்பு அவற்றைப் பொறுத்தவரை காலங்கடந்ததாகும்.

இவையெல்லாம் வெறும் நுட்ப விதிகளாகத் தோன்றலாம். உண்மையில், இவை பத்திரிகைத் தொழிலின் உழைப்பு நிலைமைகளிலிருந்து பிறந்தவை. வாரந்தோறும் நூற்றுக்கணக்கான இசைத்தட்டுகள் வந்து குவியும் மேசையொன்றில் இருந்து, சொல்லுக்கு இவ்வளவு என்ற கூலிக்கு எழுதும் விமர்சகருக்கு, ஆயத்தமாகக் கிடைக்கும் வாக்கியம் நேரத்தை மிச்சப்படுத்துகின்றது. அவ்வாக்கியம் சிறு மாற்றத்துடனோ மாற்றமின்றியோ அச்சேறுகின்றது. வாசகர் அதனை விமர்சகரின் சுதந்திரமான கருத்தெனக் கொள்கின்றார். அடுத்த முறை அதே வரி மேற்கோட் குறிக்குள் 'பத்திரிகைகள் புகழ்ந்தவை' என்ற தலைப்பின் கீழ்க் கலைஞரின் கோவைக்கே திரும்பி வருகின்றது. தான் எழுதிய புகழுரை பிறர் வாய்மொழியாகத் தன்னிடமே மீளும் இச்சுற்று, விளம்பரம் எவ்வாறு விமர்சனமாக உருமாறுகின்றது என்பதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

இச்சுற்றினுள் நின்றுகொண்டே அதனை வேறொரு பயனுக்குத் திருப்ப முயன்ற சில இளைஞர்களின் வரலாறு இங்கிலாந்தில் 1977க்கும் 1982க்கும் இடைப்பட்ட ஆண்டுகளிற் காணக்கிடக்கின்றது. எமது கவனத்தை அதன்மீதே செலுத்துவோம்.

1970களின் நடுப்பகுதியில் பிரித்தானியப் பொப்பிசைச் சந்தை ஒரு சில பெருங் கம்பனிகளின் பிடியில் இருந்தது. ஒலிப்பதிவுக் கூடம், அச்சிடும் தொழிற்சாலை, விநியோக வாகனம், கடைகளுடனான தொடர்பு, பத்திரிகைத் தொடர்பு அலுவலகம் என அனைத்தும் அவற்றிடமே குவிந்திருந்தன. நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ், மெலடி மேக்கர், சவுண்ட்ஸ் ஆகிய வார ஏடுகளே இளைஞரின் இரசனையை வழிநடத்தின. அவற்றின் விளம்பர வருவாயில் பெரும்பங்கு அதே கம்பனிகளிடமிருந்தே வந்தது. இந்நிலையில் மான்செஸ்ரரின் பஸ்கொக்ஸ் குழுவினர், நண்பரிடமும் குழுவினர் ஒருவரின் தந்தையிடமுமாக 500 பவுண் கடன்பெற்று, 1976 டிசம்பர் 28ஆம் திகதி நான்கு பாடல்களை ஒலிப்பதிவு செய்து, 'ஸ்பைறல் ஸ்கிறற்ச்' என்ற இசைத்தட்டினை 1977 ஜனவரியில் தமது சொந்த முத்திரையில் வெளியிட்டனர். முதலில் அச்சிடப்பட்டவை 1000 பிரதிகளே. அவை விரைவில் விற்றுத் தீர்ந்தன. ஈற்றில் ஏறத்தாழ 16,000 வரை விற்பனையாயிற்று.

விற்பனை எண்ணிக்கையைவிட உறையே எமக்கு முக்கியமானது. அதன் முகப்பிலுள்ள படம் குழுவின் முகாமையாளர் போலறோயிட் கருவியால் எடுத்தது. ஒவ்வொரு பாடலும் எத்தனையாவது எடுப்பு, அதன்மேல் எத்தனை மேற்பதிவுகள் இடப்பட்டன என்ற விவரமும் உறையில் அச்சிடப்பட்டிருந்தது. கம்பனி வெளியீடுகளின் உறை எழுத்து கலைஞரின் மேதைமையைப் பற்றிப் பேசும். இவ்வுறையோ வேலை எவ்வாறு நடைபெற்றது என்பதைச் சொல்லியது. இது ஒரு பெருமையடிப்புமாகும் என்பதை மறுப்பதற்கில்லை. 'முதல் எடுப்பிலேயே முடித்தோம்' என்பதிலும் ஒரு விளம்பரம் உண்டு. எனினும், விளம்பரத்தின் பொருள் இங்கு ஆளிலிருந்து உழைப்பு முறைக்கு நகர்ந்துவிட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது.

அதே ஆண்டில் டெஸ்பறேற் பைசிக்கிள்ஸ் என்னும் இலண்டன் குழுவினர் ஒருபடி மேலே சென்றனர். தமது முதலாவது தட்டுக்கு ஆன மொத்தச் செலவு 153 பவுண் என்பதை இரண்டாவது தட்டின் உறையில் அறிவித்து, கேட்போரும் தாமே இசைத்தட்டு வெளியிடலாம் எனத் தூண்டினர். 'எமது தட்டை வாங்குங்கள்' என்பது விளம்பரத்தின் இயல்பான வேண்டுகோள். அதற்கு மாறாக, 'உங்கள் தட்டை நீங்களே செய்யுங்கள்' என்று கூறும் விளம்பரம், நுகர்வோரை உற்பத்தியாளராக மாற்ற விழையும் விளம்பரமாகும்.

இப்போக்கின் மிகத் தெளிவான வடிவத்தை 1978இல் ஸ்கிறிற்றி பொலிற்றி குழுவினரின் முதலாவது தட்டில் காண்கிறோம். லீட்ஸ் நகரில் ஓவியக்கலை பயின்ற மாணவர்கள், கம்யூனிச இளைஞர் இயக்கத் தொடர்புடையோர், பின்னர் இலண்டன் கம்டன் பகுதியில் ஆளற்ற வீடொன்றிற் குடியேறி வாழ்ந்தோர், இதனை அமைத்தனர். அன்ரோனியோ கிராம்சியின் அரசியல் எழுத்துகளுக்கு இத்தாலிய மொழியில் வழங்கும் பெயரையே சற்றுத் திரித்துத் தமக்குச் சூட்டிக்கொண்டனர். முதற் பாடலின் தலைப்பில் வரும் பொலோஞ்ஞா, 1977இல் மாணவர் கிளர்ச்சி நடைபெற்ற இத்தாலிய நகராகும். 2500 பிரதிகளாக வெளிவந்த இத்தட்டின் உறை, பிரதிசெய்து மடித்த தாள். அத்தாளில் ஒலிப்பதிவுக்கு எவ்வளவு, மூலத்தட்டு வெட்டுவதற்கு எவ்வளவு, அச்சிடுவதற்கு எவ்வளவு, வெற்று ஒட்டுச்சீட்டில் குத்துவதற்கான இறப்பர் முத்திரைக்கு எவ்வளவு என ஒவ்வொரு செலவும் தனித்தனியே குறிக்கப்பட்டிருந்தது. வேலையைச் செய்து கொடுத்தோரின் விலாசங்களும் தரப்பட்டிருந்தன.

ஒரு வரவு செலவுக் கணக்கினை இலக்கியமாகக் கொண்டு வாசிப்பது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயின், 'மூலதனம்' முதற் பாகத்தின் தொடக்க அத்தியாயத்தைக் கற்றோர் இதன் முக்கியத்துவத்தை உணர்வர். பண்டமானது தனது பிறப்பை மறைத்துக்கொண்டே சந்தைக்கு வருகின்றது. மனிதருக்கிடையிலான உறவு பொருள்களுக்கிடையிலான உறவாகத் தோற்றங்கொள்கின்றது. பொப்பிசைத் தட்டு இம்மாயையின் உச்சம். அதன் விலையில் எத்தனை பங்கு யாருக்குச் செல்கின்றது என்பது வாங்குவோருக்கு என்றுமே தெரிவதில்லை. அத்திரையை விலக்கும் இடமாக விளம்பரத் தாளையே இவ்விளைஞர்கள் பயன்படுத்தினர். 1934இல் வோல்ற்றர் பெஞ்சமின் 'உற்பத்தியாளராக எழுத்தாளர்' என்ற கட்டுரையில், ஒரு படைப்பு தன் காலத்து உற்பத்தி உறவுகளைப் பற்றி என்ன கருதுகிறது என்பதைவிட அவ்வுறவுகளுக்குள் எவ்விடத்தில் நிற்கின்றது என்பதே கேட்கப்பட வேண்டிய வினா என வாதிட்டார். அவ்வினாவிற்கு ஒரு மடித்த தாளில் எழுதப்பட்ட விடையாக இவ்வுறையைக் கொள்ளலாம்.

ஆயினும் இவ்விடையை மிகைப்படுத்திப் போற்றுதல் விமர்சகரின் பணியன்று. செலவுப் பட்டியல் விலைகளைக் காட்டுகின்றது, உழைப்பைக் காட்டவில்லை. 'அச்சிடல் - இவ்வளவு பவுண்' என்ற வரிக்குப் பின்னால் தொழிற்சாலையில் அச்சுப் பொறியருகே நிற்கும் தொழிலாளி கண்ணுக்குப் புலப்படாதவராகவே இருக்கிறார். அவர் புலப்பட்ட ஒரு சந்தர்ப்பம் விசித்திரமானது. அதே 1978இல் கிறாஸ் என்னும் குழுவினரின் தட்டினை அச்சிட ஒப்புக்கொண்டிருந்த அயர்லாந்துத் தொழிற்சாலையின் தொழிலாளர்கள், முதற்பாடல் மதநிந்தனை எனக் கூறி அச்சிட மறுத்தனர். பாடல் இருந்த இடத்தில் மௌனம் அச்சிடப்பட்டது. அடுத்தடுத்த வெளியீடுகளில் 'இதற்கு மேல் விலை கொடாதீர்' என்று உறையிலேயே பொறித்து வியாபாரியைக் கட்டுப்படுத்திய முற்போக்காளரான இக்குழுவினர், தொழிலாளி தன் மனச்சாட்சியுடன் குறுக்கே வந்தபோது திகைத்ததில் வியப்பில்லை. சுயாதீனம் என்பது யாரிடமிருந்து, எதுவரை என்ற வினாவை அச்சம்பவம் எழுப்புகின்றது.

'சுயாதீனம்' என்ற சொல்லின் பொருளே இவ்விடத்தில் தெளிவுபடுத்தப்பட வேண்டும். 1980 ஜனவரியில் பிரித்தானியாவில் சுயாதீன வெளியீடுகளுக்கெனத் தனியான விற்பனைப் பட்டியல் வெளிவரத் தொடங்கியது. அதில் இடம்பெறுவதற்கான அளவுகோல் பாட்டின் தன்மையோ கலைஞரின் கொள்கையோ அன்று. தட்டு பெருங் கம்பனிகளின் விநியோக வலையமைப்புக்கு வெளியே கடைகளைச் சென்றடைய வேண்டும் என்பதே ஒரே நிபந்தனை. கற்பனாவாத விளக்கங்களை விட இவ்வளவுகோல் உண்மைக்கு நெருக்கமானது என்பதே எமது கருத்து. சுயாதீனம் மனநிலை அன்று, விநியோகம். 1976இல் இலண்டனில் ஒரு கடையாகத் தொடங்கிய றஃப் றேட், ஏனைய நகரங்களின் கடைகளுடன் இணைந்து ஒரு விநியோக வலையமைப்பினை உருவாக்கியிராவிடின், எத்துணைச் சிறந்த செய்திக் குறிப்பும் பயனற்றதாகவே போயிருக்கும். அவ்விநியோக நிறுவனம் 1991இல் முறிந்தபோது பல சிறு முத்திரைகளும் அதனுடன் வீழ்ந்தன.

ஸ்கிறிற்றி பொலிற்றியின் பிற்கால வரலாறு இம்முரண்பாட்டின் மறுபக்கத்தைக் காட்டுகின்றது. 1981இல் நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ், றஃப் றேட்டுடன் சேர்ந்து வாசகருக்கென ஓர் ஒலிநாடாவை வெளியிட்டது. அதன் முதற்பாடல் இவர்களுடையது. விமர்சிக்கும் ஏடே வெளியீட்டாளராகவும் ஆகிவிட்டது. தொடர்ந்து வந்த தட்டுகளின் உறைகளில் செலவுப் பட்டியல் மறைந்தது. அதற்குப் பதிலாக டன்ஹில் சிகரெட் பெட்டி, டியோர் வாசனைத் திரவியம், கூர்வோசியே பிராந்தி ஆகியவற்றின் பொதி வடிவங்களைப் பாவனை செய்த உறைகள் வந்தன. இசைத்தட்டும் ஒரு பண்டமே என்பதை மறைக்காது, மினுக்கியே காட்டும் எள்ளல் இது என அவர்தம் ஆதரவாளர் விளக்கினர். விளக்கம் புத்திசாலித்தனமானது. ஆனால், எள்ளலுக்கும் ஆசைக்கும் இடையிலான எல்லை கடையின் அலுமாரியிற் புலப்படுவதில்லை. மடித்த தாளை வாசித்தவர் ஒரு தட்டு வெளியிடக் கற்றுக்கொண்டார். பளபளக்கும் உறையைப் பார்த்தவர் அதனை வாங்கக் கற்றுக்கொண்டார். இவ்வேறுபாட்டை எந்தக் கோட்பாட்டு வியாக்கியானமும் அழித்துவிடாது. குழுவின் தலைவர் பின்னர் பெருங்கம்பனியுடன் இணைந்து 1985இல் வெளியிட்ட இசைத்தொகுதி பெருவெற்றி பெற்றது.

வாழ்க்கைக் குறிப்பு என்னும் பகுதியைத் தனியாக நோக்குதல் வேண்டும். ஏனெனில், தமிழருக்கு நேரடித் தொடர்புள்ள ஓர் உதாரணம் அங்குண்டு. எமது மரபில் கலைஞரின் வாழ்க்கைக் குறிப்பு பட்டமாகச் சுருங்கியிருந்தது. நடிகமணி வி. வி. வைரமுத்து, லயஞான குபேரபூபதி தட்சணாமூர்த்தி என நோட்டீசில் அச்சாகும் பெயருக்கு முன்னால் நிற்கும் ஒரு தொடரே அக்கலைஞரின் தகுதி, அவரைக் கௌரவித்த சபை, இரசிகரின் அங்கீகாரம் அனைத்தையும் உணர்த்தியது. மேலைநாட்டுச் செய்திக்கோவை கேட்பது பட்டத்தையன்று, கதையை. கதை துன்பக் கதையாயின் இன்னும் நன்று.

இலண்டனில் 1975இல் பிறந்து, யாழ்ப்பாணத்திற் சிறுபராயத்தைக் கழித்து, போர்ச் சூழலில் மீண்டும் இலண்டன் சென்ற மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2003இல் 'கலாங்' என்ற பாடலை ஒரு சிறு முத்திரை மூலம் 500 பிரதிகளாக வெளியிட்டார். 2005இல் அவரது முதலாவது இசைத்தொகுதி வெளிவந்தது. அதற்குத் தம் தந்தையின் இயக்கப் பெயரான 'அருளர்' என்பதையே சூட்டினார். ஈரோஸ் இயக்கத்தின் தாபகருள் ஒருவரான அருளரைப் பல மேலைப் பத்திரிகைகள் விடுதலைப் புலி என எழுதின. ஈழப் போராட்டத்தின் இயக்க வேறுபாடுகள் பத்திரிகை மேசையில் ஒரு சொல்லாகச் சுருங்கிவிட்டன. அச்சொல் நன்றாக விற்றது என்பதே காரணம். புகழ்பெற்ற கலைக் கல்லூரியொன்றில் திரைப்படக் கலை பயின்றவர் என்பதும், தட்டொலிக் கருவியொன்றில் தாமே இசையைக் கோத்தவர் என்பதும் அகதி என்ற சொல்லின் நிழலில் ஒதுங்கின. 2010இல் நியூயோர்க் ரைம்ஸ் வாரச் சஞ்சிகை அவரது அரசியலுக்கும் வாழ்க்கை வசதிக்கும் இடையிலான முரண்பாட்டைச் சாடி, அவர் உண்ட விலையுயர்ந்த உருளைக்கிழங்குப் பொரியலையும் குறிப்பிட்டு எழுதியது. அவர் நேர்முகத்தின் ஒலிப்பதிவையே வெளியிட்டு, அவ்வுணவைத் தருவிக்கும் யோசனை நிருபருடையது என்று காட்டினார். துன்பக் கதையை விலைக்கு வாங்கிய அதே சந்தை, கதைக்குரியவர் துன்பத்தோடு நில்லாதபோது அதனையே குற்றமாகத் திருப்பிப் போடும் என்பதற்கு இது தக்க சான்று. அவரது அரசியல் நிலைப்பாடுகளுடன் உடன்படுவதும் படாததும் வேறு விடயம்.

இவ்வனுபவங்களின் அடியாக, இன்று தமது இசையைத் தாமே வெளியிட முனைவோருக்குச் சில நடைமுறை முடிவுகளைக் கூறலாம். குறிப்பில் பெயரடைகளைக் குறைத்து, பெயர்ச் சொற்களையும் வினைச் சொற்களையும் மிகுவித்தல் வேண்டும். 'உள்ளத்தை உருக்கும் புதுமையான இசை' என்ற தொடர் எவரைப் பற்றியும் எழுதப்படக் கூடியது. எனவே எவரைப் பற்றியும் எழுதப்படாதது. எங்கு, எத்தனை நாளில், எந்தக் கருவிகளுடன் ஒலிப்பதிவு நடந்தது, வாசித்தோர் யாவர், ஒலிப்பதிவு செய்தவர் யார், பணம் எங்கிருந்து வந்தது என்பன வேறெவருக்கும் பொருந்தாத செய்திகள். விமர்சகர் பிரதிசெய்தாலும் உண்மையே பிரதியாகும். பிற கலைஞருடன் ஒப்பிடுதல் வாசகருக்கு வழிகாட்டும். ஆயின், தம்மிலும் புகழ்மிக்கோர் பெயரால் ஒளிபெறும் நோக்கு அதில் எளிதிற் புகுந்துவிடும். வாழ்க்கைக் குறிப்பில் எதனைச் சொல்வது என்பதைவிட எதனை விற்பனைக்கு வைக்க விரும்பவில்லை என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். அச்சேறிய தகவலை மீளப் பெறுதல் இயலாது. மேற்கோள் காட்டும் விமர்சன வரியை அதன் முழு வாக்கியத்துடனும் நாளுடனும் தருதல் நேர்மை. 'எனினும்' என்ற சொல்லுக்கு முன்னாலேயே வெட்டிவிடுதல் பரவலான வழக்கமாயினும்.

தாள் மாறிவிட்டது என்பதும் உண்மை. சவுண்ட்ஸ் 1991இல் நின்றது. மெலடி மேக்கர் 2000ஆம் ஆண்டின் இறுதியில் நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ் உடன் இணைக்கப்பட்டது. அதன் அச்சு வார ஏடும் 2018 மார்ச்சில் முடிவுற்றது. பல்லாயிரம் சுயாதீன முத்திரைகளுக்கு இரவு நேர வானொலியிற் களமமைத்த பிபிசியின் ஜோன் பீல் 2004இல் காலமானார். முன்பு விமர்சகரின் மேசை நின்ற இடத்தில் இப்போது இணையவழிப் பாடல் சேவைகள் நிற்கின்றன. ஸ்பொற்றிஃபை 2018இல் கலைஞர் தமது புதிய பாடலைத் தாமே விண்ணப்பித்து அதன் பாடற் பட்டியல்களுக்கு முன்வைக்கும் வசதியை ஏற்படுத்தியது. வெளியீட்டுக்கு ஒரு வாரத்துக்கு முன்னராவது விண்ணப்பிக்க வேண்டும். பாடலின் வகை, மனோபாவம், கருவி ஆகியவற்றைத் தரப்பட்ட பட்டியலிலிருந்து தெரிவு செய்து, சொந்தச் சொற்களில் ஒரு சிறு விளக்கத்தையும் எழுதலாம். 2024 முதல், ஓராண்டில் ஆயிரம் தடவைகளேனும் கேட்கப்படாத பாடலுக்கு அந்நிறுவனம் ஒலிப்பதிவு உரிமைப் பணம் வழங்குவதில்லை. சுயாதீனக் கலைஞர் நேரடியாக விற்பதற்கு 2008இல் தொடங்கப்பெற்ற பாண்ட்காம்ப், 2022இல் ஒரு விளையாட்டு மென்பொருட் கம்பனிக்கும் 2023இல் இன்னொரு கம்பனிக்கும் கைமாறியது. இரண்டாவது கைமாற்றத்தின்போது ஊழியரில் ஏறத்தாழப் பாதிப்பேர் வேலையிழந்தனர். அவர்களிற் பலர் அவ்வாண்டிலேயே தொழிற்சங்கம் அமைத்திருந்தோர்.

ஸ்பொற்றிஃபையின் விண்ணப்பப் படிவத்தில் ஒலிப்பதிவுச் செலவுக்கென ஓர் இடம் இல்லை. ஆயினும், சொந்தச் சொற்களுக்கென விடப்பட்ட அச்சிறு கட்டத்துள் ஒலிப்பதிவுக் கூடத்தின் பெயரையும், மிருதங்கம் வாசித்தவர் பெயரையும், செலவான தொகையையும் எழுதுவதை எந்த விதியும் தடுக்கவில்லை.